சிலுவைகளைத் தொட்டது நிலா இல்லை
ஆன்சல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் அதை ராத்திரி என்றே நினைப்பார்கள். 1941 நவம்பர் 1, நியூ மெக்சிகோவில் மாலை ஐந்து மணிகூட ஆகவில்லை. (ஆடம்ஸுக்கே ஆண்டு சரியாக நினைவில்லை, நிலவின் இடத்தை வைத்து வானியலாளர்கள் கணக்கிட்டுச் சொன்ன நேரம் இது.) ஆரம்பகாலப் பிரதிகளில் வானம் வெளிறிக் கிடக்கிறது, மேகக் கீற்றுகளும் தெரிகின்றன. போகப்போக, இருட்டறையில் ஆடம்ஸ் அதைக் கருக்கிக்கொண்டே போனார். நாம் லைட்ரூமில் ஸ்லைடரை இழுக்கிறோமே, அந்த வேலைதான்.

'எடிட் பண்ணினா பொய்' என்கிற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. என் சிக்கல் வேறு. கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளைப் பாருங்கள். நம் பக்கம் இருக்கும் முகம்தான் மின்னுகிறது. நிலவோ அவற்றுக்குப் பின்னால், கிழக்கே. அப்போ அந்த வெளிச்சம்? கேமராவுக்குப் பின்னால், மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனுடையது. எந்த நொடியும் அது போய்விடலாம். லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவை ஞாபகத்திலிருந்து எடுத்து, மனக்கணக்குப் போட்டுத்தான் ஷட்டரை அழுத்தினார். கறுப்பு வானம் அந்தச் சூரியனை ஒளித்துவிடுகிறது. சிலுவைகளை நிலா தொட்டதாக நம்ப வைக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாலையின் பதற்றம் வெளிறிய பழைய பிரதியில்தான் மிச்சமிருக்கிறது.