அகமதிப்பீடும் புறமதிப்பீடும்

இன்று நாம் கொள்ளும் அதிகார முறையில், திருக்குறளின் 44ஆம் அதிகாரம் ‘குற்றங்கடிதல்’. 45ஆம் அதிகாரம் ‘பெரியாரைத் துணைக்கோடல்’. இவ்வரிசை எண்ணத்தக்கது. தன் குற்றத்தைத் தானே கண்டு நீக்குதல் முதலில் கூறப்படுகின்றது. இடித்துரைக்க வல்லாரைத் துணையாகக் கொள்ளுதல் அடுத்துக் கூறப்படுகின்றது. ஒன்றே போதுமாயின் மற்றொன்றுக்கு இடமிராது அன்றோ?

ஒரு பணியை அதனைச் செய்வாரே அளந்து பார்த்தல் அகமதிப்பீடு. அதில் பங்கு கொள்ளாத பிறர் அளந்து பார்த்தல் புறமதிப்பீடு. முன்னது நோயின் இடத்தை அறியும். ஆனால் அதனை மறைக்கவும் கூடும். பின்னது அஞ்சாமல் சொல்லும். ஆனால் நோயின் இடத்தை அறியாமலும் சொல்லிவிடும். இவ்விரண்டின் நிறை குறைகளை மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றிலேயே காணலாம்.

ஈப்போவுக்கு வடக்கே, செமோரைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்துதலை நிருவாகத்தின் கடமையாக்கியது. பள்ளி இருந்தால் சட்டம் நிறைவேறிற்று. பிள்ளை படித்தானா என்பது வேறு வினா. கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் நின்ற பள்ளிகளும் உண்டு. பள்ளியை நடத்துபவரும் அதன் செலவைச் சுருக்க விரும்புபவரும் ஒருவரே ஆகும்போது, அவர் தரும் கணக்கு கட்டடத்தைக் காட்டும், கல்வியைக் காட்டாது. அகமதிப்பீட்டின் குறை இதுவே.

அவ்வாறாயின் புறத்தார் வந்தால் போதுமா? இந்திய அரசின் சார்பில் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து, தொழிலாளர் நிலை குறித்து 1937இல் அறிக்கை தந்தார். ஆண்களுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசுமாக இருந்து குறைக்கப்பட்ட நாட்கூலியை மீட்டுத் தரவேண்டும் என்றார். இது புறத்தார் சொல்லுக்குள்ள வலிமை. எனினும் உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் அவர் கருதினார். அடுத்த ஆண்டே, 1938இல், இந்திய அரசு அதனைத் தடைசெய்ய நேர்ந்தது. குறுகிய காலப் பயணத்தில் கண்ட காட்சி நெடுநாள் உண்மைக்கு ஈடாகாது.

1951இல் வெளிவந்த பார்ன்ஸ் குழுவின் அறிக்கை இன்னும் தெளிவான சான்று. அக்குழுவில் மலாய்க்காரர் ஒன்பதின்மர், ஐரோப்பியர் ஐவர். தமிழரோ சீனரோ ஒருவரும் இலர். மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழியாகும் தேசியப் பள்ளிகளே தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக வேண்டும் என்பது அதன் பரிந்துரை. புறத்தே நிற்றல் ஒன்றே நடுநிலை ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அளக்கப்படும் மொழியை அறியாதவர் அம்மொழிப் பள்ளியின் பயனை எவ்வாறு அளப்பார்?

இவ்வினா பழங்கதையன்று. மலேசியக் கல்வித் தரம் என்னும் அளவுகோலைக் கொண்டு பள்ளிகள் தம்மைத் தாமே மதிப்பிடுவதும், கல்வி அமைச்சின் ஜெமாஆ நாசிர் எனப்படும் மேற்பார்வையாளர் குழு வந்து பார்ப்பதும் இக்கால நடைமுறை. 1988 முதல் நடந்து வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதனால் வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு பெருகிற்று. கற்பித்த ஆசிரியரே பிள்ளையின் அடைவுநிலையைக் குறிக்கின்றார். தேர்வின் அச்சம் நீங்கியது நன்மையே. ஆயின் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இரக்கத்தால் ஒரு நிலை உயர்த்தி இட்டால், அவ்விரக்கம் இடைநிலைப் பள்ளியின் முதல் நாளிலேயே அப்பிள்ளையைக் கைவிடும். அங்கே அவனுக்காகப் பரிந்து பேச அவ்வாசிரியர் இரார்.

ஆகவே எது சிறந்தது என்று வழக்காடுவதில் பயனில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று கேட்டலே முறை. பள்ளி முதலில் தன் குறைகளை ஒளிக்காமல் எழுதட்டும். வருகின்ற மேற்பார்வையாளர் கோப்புகளின் அழகைப் பாராமல், ஒரு பிள்ளையை அழைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லட்டும். அவர் தமிழறிந்தவராக இருத்தல் வேண்டும். இரண்டு முடிவுகளும் மாறுபடும் இடமே ஆராய வேண்டிய இடம். ஒத்துப்போகும் இடம் அன்று. குறையைச் சொன்ன பள்ளியைத் தண்டிப்பதும் கூடாது. தண்டித்தால் அடுத்த ஆண்டு எல்லாப் பள்ளிகளும் குறையற்ற பள்ளிகளாகவே தம்மை எழுதிக்கொள்ளும்.

மாணவர் தொகை குறைந்துவரும் சிறு பள்ளிகளுக்கு இது உயிர்நிலையான செய்தி. பெற்றோரின் நம்பிக்கையே அவற்றின் முதல். மெய்யான மதிப்பெண் ஒருநாள் வருத்தும். பொய்யான மதிப்பெண் அம்முதலையே அழித்துவிடும்.