ஒத்திசைவும் விலக்கலும்: பெண்களின் பார்பர்ஷாப் பாடற்குழுக்கள் குறித்துச் சில குறிப்புகள்

‘வேற வேலை இல்லாத வெள்ளைக்கார அம்மாக்கள் ஜிகினா உடுப்பு போட்டுக்கிட்டு முதியோர் இல்லத்துல பாடுறாங்க, உண்டியல் குலுக்குறாங்க. இதுல எழுதறதுக்கு என்ன இருக்கு?’ என்று கேட்டார் இயக்க வேலைகளில் இருக்கிற நண்பர் ஒருவர். அமெரிக்கப் பெண்கள் குழு ஒன்றின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டுப் பதில் சொல்லத் தொடங்கினேன். அன்று சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பார்பர்ஷாப் என்பது பக்கவாத்தியம் இல்லாமல் நான்கு குரல்கள் சேர்ந்து பாடும் முறை. மெட்டைச் சுமப்பது ‘லீட்’. அதற்கு மேலே ‘டெனர்’, அடியில் ‘பாஸ்’, விடுபட்ட சுரத்தை இட்டு நிரப்புவது ‘பாரிடோன்’. ஆண் குரல்களுக்கான இந்தப் பெயர்களையே பெண்களும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு குரலும் சுத்தமாகச் சேர்ந்துவிட்டால் யாருமே பாடாத இன்னொரு சுரம் மேலே கேட்கும். குரல்களின் மேற்சுரங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால் நேர்வது இது. வாரா வாரம் கூடி ஒத்திகை பார்ப்பதே இந்த ஒலிக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம். அந்தச் சுரம் எந்த ஒருத்திக்கும் சொந்தமில்லை. ஆனால் வரிசையில் நிற்க யாருக்கு இடம் என்பதை யாரோ தீர்மானிக்கிறார்கள். என் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1938இல் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் ஓ.சி. கேஷ் என்ற வரி வழக்கறிஞரும் ரூபர்ட் ஹாலும் ஆண்களுக்கான பார்பர்ஷாப் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தப் பாடுமுறையைப் ‘பாதுகாப்பது’ என்ற நோக்கம் சங்கத்தின் நீண்ட பெயரிலேயே இருந்தது. 1945இல் அதே ஊரில் எட்னா மே ஆண்டர்சன் முன்முயற்சியில் பெண்கள் தனியாகக் கூடினார்கள். பலர் ஆண்கள் சங்க உறுப்பினர்களின் மனைவிமார். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘ஸ்வீட் அடலைன்ஸ்’. 1903இல் வெளியான ஒரு பாட்டில் ஆண் ஏங்கி அழைக்கிற பெண்தான் அடலைன். பாட்டுக்குள் அவளுக்குக் குரல் கிடையாது. அந்தப் பெயரைப் பன்மையாக்கிக்கொண்டு பெண்கள் பாட வந்தது பகடியா, பணிவா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணத்துக்கு வருவோம். வருடாந்திர நிகழ்ச்சி, அதற்கு டிக்கெட், நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் உள்ளூர்க் கடைகளின் விளம்பரம், வீட்டில் செய்த கேக் விற்பனை. காதலர் தினத்தன்று நாலு பெண்கள் ஒரு ரோஜாவோடு அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ போய்ப் பாடிவிட்டு வருவதற்குக் கட்டணம். இந்தப் பணம் உடைகளுக்கும் பாடற் பிரதிகளுக்கும் போட்டிப் பயணத்துக்கும் போகும். ஒரு பகுதி ஊர் ஆஸ்பத்திரிக்கோ வேறு நற்காரியத்துக்கோ போகும். இது அரசு செய்ய வேண்டியதைப் பாட்டால் மூடி மறைக்கிற தர்மகாரியம் என்ற விமர்சனம் நியாயமானதே. சிரித்த முகம், ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி ஒப்பனை என்று பெண்ணுடல் மேடையில் வார்க்கப்படுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனாலும் மண்டபம் பிடிப்பது, கணக்கு எழுதுவது, எந்தக் காசு எதற்கு என்று முடிவெடுப்பது எல்லாம் அந்தப் பெண்களே. நண்பர் உண்டியலைப் பார்த்தார், அதன் சாவி யார் கையில் என்று பார்க்கவில்லை.

சாவி பெண்கள் கையில் இருந்தது. அதனாலேயே கதவு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. 1950களின் இறுதியில் வெள்ளையினப் பெண்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை ஸ்வீட் அடலைன்ஸ் வைத்திருந்தது. பொதுநன்மைக்குப் பாடுவதும் கறுப்புப் பெண்ணை வெளியே நிறுத்துவதும் ஒரே அமைப்பின் ஒரே காலத்துக் காரியங்கள். இதை ஏற்க முடியாமல் பிராவிடன்ஸ், நியூ பெட்ஃபோர்டு, சிட்சுவேட், வடக்கு ஆட்டில்பரோ ஆகிய ஊர்களின் குழுக்கள் 1958இல் வெளியேறின. 1959 பிப்ரவரியில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ‘ஹார்மனி இன்கார்ப்பரேட்டட்’ பதிவாயிற்று. 1963இல் கனடாவின் ஒரில்லியா நகரக் குழு ஒரு கறுப்புப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள விரும்பியபோது விலக்கிவிடுவோம் என்று தாய்ச் சங்கம் மிரட்டியது. விதி நீங்கியது 1966இல். சிவில் உரிமைச் சட்டம் வந்து இரண்டு வருஷம் கழித்து.

இதில் கொடூரமான முரண் ஒன்று உண்டு. ‘பாதுகாக்கப்பட்ட’ இந்த இசை யாருடையது? லின் அபாட் 1992இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை பார்பர்ஷாப் இசையின் கறுப்பின வேர்களைச் சான்றுகளோடு முன்வைத்தது. நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங் நண்பர்களோடு நால்வராகப் பாடித் தொப்பியேந்திக் காசு வாங்கியவர். 1941இல் நியூயார்க் போட்டியில் வென்ற கறுப்பு நால்வர் குழுவைத் தேசியப் போட்டிக்குள் விட மறுத்தது ஆண்கள் சங்கம். பெண்கள் சங்கம் பின்னர் நடந்ததும் இதே தடத்தில்தான்.

பாட்டுப் பாடி நிதி திரட்டுவதற்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1871இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைக் கடனிலிருந்து மீட்க ஒன்பது மாணவர்கள் பாடப் புறப்பட்டார்கள். ஐந்து பேர் பெண்கள். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அது பார்பர்ஷாப் அல்ல. ஆனால் வசூல் என்றால் என்ன என்பதை அது வேறுவிதமாகச் சொல்கிறது: அவர்கள் பிறருக்குத் தர்மம் செய்யவில்லை, தங்கள் மக்களுக்குக் கல்விக்கூடம் கட்டினார்கள். ஜூபிலி ஹால் அந்தப் பணத்தில் எழுந்தது.

1958இல் பிரிந்துபோன பெண்களை நாயகிகளாக்க வேண்டாம். அவர்கள் அதே பாட்டுகளைத்தான் பாடினார்கள், அதே மாதிரிதான் வசூல் செய்தார்கள். ஆனால் ‘பாட்டு வேறு, அரசியல் வேறு’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. போட்டி, பரிசு, சிநேகிதம் இருந்த இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்குகிற சின்னச் சின்னக் கூட்டங்களிலும் இப்படி ஒரு முடிவு எடுக்கப்பட முடியும். ஒற்றுமை பற்றி அதிகம் பேசுகிற எந்த அமைப்பிலும், நம்முடையது உட்பட, முதலில் உறுப்பினர் விதியை வாசிக்க வேண்டும். பாட்டைப் பிறகு கேட்கலாம்.

நண்பர் அடுத்த தடவை வரும்போது அந்த ஒலிப்பதிவை முதலிலிருந்து போட்டுக் காட்டப் போகிறேன்.