பழைய பிரேக்கும் பழைய பழக்கமும்

அம்பாஸிடர் காரிலேயே வாழ்நாளைக் கழித்த டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பிரேக்கைப் பற்றி அவர்கள் சொல்லும் விதிகள் பெரும்பாலும் மூன்றிற்குள் அடங்கிவிடும்: பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்காமல் விட்டுவிட்டு மிதிக்க வேண்டும், மலையில் ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், முன்னே போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று இளைஞர் தள்ளிவிடுகிறார். யந்திரத்தை நம்பி மனிதன் சாமர்த்தியத்தை இழந்தான் என்று முதியவர் வருந்துகிறார். இவ்விதிகளுள் யந்திரத்தின் குறையினால் பிறந்தது எது, சாலையின் இயல்பினால் பிறந்தது எது என்று பகுத்துப் பார்த்தாலன்றி இந்த வழக்குத் தீராது.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை உருவாகிவந்தது அம்பாஸிடர். அதன் தொடக்க கால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குத்தான். காலின் பலத்தைப் பெருக்கித்தரும் உபகரணமும் கிடையாது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டிரம்மில் உள்ள துளை வழியே ஸ்குரூ டிரைவரை நுழைத்து, லைனிங் டிரம்மைக் கவ்வும்வரை திருகிப் பிறகு ஒரு பல் பின்வாங்கி, சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்ப்பது அக்காலத்தில் வழக்கமான பணி. அதில் சிரத்தை குறைந்தால் பெடல் இறங்கும். இரு பக்கமும் சமமாக அமையாவிட்டால், பிரேக் பிடித்தவுடன் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அன்றியும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் செல்லும் பாதை ஒன்றேயாதலால், ஏதேனும் ஒரு வீல் சிலிண்டரில் கசிவு கண்டாலும் நான்கும் கைவிட்டுவிடும். பின் சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் ஒன்றே அப்போது கதி.

இத்தகைய யந்திரத்தை வைத்துக்கொண்டு மலையிறங்கியவர்கள் கண்ட உபாயமான, ஏறின கியரிலேயே இறங்குவது, மூன்று விதிகளுள்ளும் உத்தமமானது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், முப்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைப் பாதையில், அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை டிரம்களே ஏற்குமாறு இடைவிடாமல் பிரேக் பிடித்து இறங்கினால், டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். நாளடைவில் ஈரத்தை உறிஞ்சிய பிரேக் ஆயில் கொதித்துக் குமிழிகள் தோன்றவே, பெடல் தரைவரை போய்விடும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அச்சுமையில் பெரும்பங்கை எஞ்சின் தாங்குகிறது. டிஸ்க் பிரேக் வெப்பத்தை விரைவில் வெளியிடும் என்பது மெய்யே; ஆயினும் புவியீர்ப்பு குறைந்துவிடவில்லையாதலால் இவ்விதி இன்றும் செல்லும்.

விட்டுவிட்டு மிதிக்கும் பழக்கத்தை அவ்வாறு புகழ இயலாது. பூட்டிக்கொண்ட சக்கரம் வழுக்கிச் செல்லுமேயன்றி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது; காலைச் சற்றே தளர்த்தினால் அது மீண்டும் உருண்டு, வண்டி திரும்பும். இதுவே அப்பழக்கத்தின் நியாயம். ஆனால் காலைத் தளர்த்தும் ஒவ்வொரு முறையும் வேகம் குறைவது தடைப்படுகிறது. திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும் தருணத்தில், பயத்தால் இறுகிய கால் தாளம் தவறாமல் இயங்கும் என்று எதிர்பார்ப்பதும் விவேகமன்று. 1978-ல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்ஸிடஸ் எஸ் வகுப்புக் காரில் வந்தபோது, அதே வேலையை யந்திரம் நொடிக்குப் பலமுறை செய்யத் தொடங்கியது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். அவ்வகைக் காரில் காலை எடுத்தெடுத்து மிதிப்பவர் யந்திரத்தின் வேலையைக் கெடுக்கிறார். காலடியில் பெடல் படபடவென்று அதிர்ந்தால், அது கோளாறென்று அஞ்சிக் காலை எடுக்காமல், அழுத்தியபடியே வண்டியைத் திருப்புவதுதான் முறை. ஆனால் சரளைக்கல் பரவிய பாதையில் ஏபிஎஸ் உள்ள வண்டி சற்றுத் தள்ளியே நிற்கக்கூடும் என்பதை இளைஞரும் மறத்தலாகாது.

மூன்றாவது விதிக்கு எந்த உபகரணமும் ஈடாகாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறது. கண் கண்டதை மனம் உணர்ந்து கால் செயற்படுவதற்குள் கழியும் அத்தூரத்தைப் பிரேக்கால் மீட்க இயலாது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். பழைய டிரைவருக்குத் தம் பிரேக்கின் மேல் இருந்த அவநம்பிக்கையே அவரைத் தள்ளி வரச் செய்தது. இன்றைய பிரேக் தரும் நம்பிக்கையோ நம்மை முன்வண்டியின் பம்பரை ஒட்டிப் போகத் தூண்டுகிறது.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமாக்குவது பொருந்தாது. பெட்ரோலை மிச்சப்படுத்த இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இறங்கியவர்களும் அதே தலைமுறையினரே. அதனால் எஞ்சினின் துணையை இழந்து முழுச் சுமையையும் பிரேக்கின் மேல் ஏற்றினார்கள். அக்காலத்துச் சாமர்த்தியத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பது பிழைத்தவர்களின் சாட்சியம் மட்டுமே என்பதும் நினைவிலிருக்க வேண்டும். நிபுணன் ஓட்டினால்தான் அபாயமின்றி நிற்கும் என்னும் கார், நேற்று லைசென்ஸ் வாங்கியவனுக்கும் சாலையைக் கடக்கும் கிழவிக்கும் அநீதி இழைக்கிறது.

ஆகவே டிரைவிங் ஸ்கூல்கள், ஏபிஎஸ் உள்ள காரில் விட்டுவிட்டு மிதிப்பதை மறக்கச் செய்து, அது இல்லாத பழைய வண்டியை ஓட்டுபவர்க்கு மட்டும் அதைக் கற்பிக்கட்டும். ஏறின கியரில் இறங்குவதையும் இடைவெளி விடுவதையும் எல்லோருக்கும் கட்டாயப் பாடமாக்கட்டும்.