கேள்விக்கு நேரமில்லாத மாநாடு

பாய்லர் டிரம்மில் நீர்மட்டத்தைக் காப்பது எளிதல்ல. நீராவித் தேவை சட்டென்று கூடினால் டிரம்மில் அழுத்தம் குறையும். நீருக்குள் இருக்கும் குமிழ்கள் விரியும். தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும்போதே மட்டமானி ஏறிக் காட்டும். அதை அப்படியே நம்பித் தண்ணீர் வரத்தைக் குறைக்கும் கன்ட்ரோலர் பாய்லரை ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நடந்த கட்டுப்பாட்டுப் பொறியியல் மாநாட்டில் ஆய்வு மாணவி ஒருவர் இந்தச் சிக்கலுக்குப் புதிய முறை ஒன்றை முன்வைத்தார். நல்ல உழைப்பு. திரையில் மட்டக்கோடு ஒரு சிறு வளைவோடு அடங்கி நின்றது. பேசி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து அனல்மின் நிலையப் பொறியாளர் ஒருவர் எழுந்தார். "நல்லா இருக்கும்மா. ஃபீட் வாட்டர் வால்வு ஒட்டிக்கிச்சுன்னா உங்க கன்ட்ரோலர் என்ன பண்ணும்?" மாணவி பதிலுக்கு வாயெடுப்பதற்குள் அமர்வுத் தலைவர் கையை உயர்த்தினார். "நேரமாச்சு சார், டீ டயத்துல பேசிக்கலாம்." அடுத்த பேப்பர் தொடங்கிவிட்டது. தேநீர் இடைவேளையில் அந்த மாணவி சான்றிதழ் வரிசையில் நின்றார். பொறியாளர் கிளம்பிப் போயிருந்தார்.

அன்று முழுவதும் நான் கேட்டவற்றில் மிக முக்கியமானது அந்த ஒரு கேள்விதான். சிமுலேஷனில் வால்வு சொன்னபடி நகரும். ஆலையில் பேக்கிங் இறுகி, தண்டு பிடித்துக்கொள்ளும். கன்ட்ரோலர் தரும் சிக்னல் ஏறிக்கொண்டே போகும், வால்வு அசையாது. பிறகு ஒரே துள்ளலில் தேவைக்கு மேல் திறந்துவிடும். மட்டம் ஊசலாடத் தொடங்கும். ஆலைகளில் கட்டுப்பாட்டு லூப்கள் ஊசலாடுவதற்கு இது நன்கு அறியப்பட்ட காரணம். மாணவியின் கணிதத்தில் தவறில்லை. அதைச் சோதிக்க வேண்டிய இடத்தில் சோதிக்கும் வாய்ப்பைத்தான் நாம் பறித்துவிட்டோம்.

மாநாடு என்ற வழக்கமே வீண் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் துறையின் வரலாறே அதை மறுக்கிறது. கருவியியல் மாணவர்கள் முதலில் கற்கும் சீக்லர்-நிக்கோல்ஸ் விதியை எடுத்துக்கொள்வோம். லூப் ஒரே சீராக ஊசலாடும் வரை கெயினை ஏற்று, அந்தக் கெயினையும் ஊசலாட்டத்தின் காலத்தையும் குறித்துக்கொள், அவற்றிலிருந்து பிஐடி கன்ட்ரோலரின் அமைப்பு மதிப்புகளைக் கணக்கிடு என்பது அதன் சாரம். இது 1941 டிசம்பரில், நியூயார்க்கில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. எழுதிய இருவரும் டெய்லர் என்ற கருவி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். வாசித்த பேப்பரோடு, அதன்மேல் எழுந்த விவாதத்தையும் ஆசிரியர்களின் பதிலையும் சேர்த்து அச்சிடும் வழக்கம் அந்தச் சங்கத்தின் இதழுக்கு இருந்தது.

இன்று பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் வேரூன்றிவிட்ட மாதிரிசார் முன்கணிப்புக் கட்டுப்பாடும் இப்படி வெளிச்சத்துக்கு வந்ததுதான். ஷெல் நிறுவனத்தின் கட்லரும் ராமேக்கரும் தங்கள் ஆலை அனுபவத்தை 1979இல் ஹூஸ்டனில் வேதிப் பொறியாளர்கள் கூட்டத்தில்தான் முன்வைத்தார்கள்.

கோட்பாட்டுக்கும் மாநாடு பெரிய கொடை தந்திருக்கிறது. தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐஃபாக் 1957இல் பிறந்தது. அதன் முதல் உலக மாநாடு 1960 ஜூன் இறுதியில் மாஸ்கோவில் கூடியது. அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அந்தச் சூழலிலும் இரு தரப்பு அறிஞர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்தார்கள். ஐஃபாக்கின் முதல் தலைவர் செஸ்ட்நட் அமெரிக்கர், அடுத்த தலைவர் லேட்டோவ் சோவியத் நாட்டவர். அந்த மேடையில்தான் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டாளர் கால்மன், ஓர் அமைப்பை நினைத்த நிலைக்குக் கொண்டுவர முடியுமா, அதன் உள்நிலையை வெளியிலிருந்து அறிய முடியுமா என்ற இரு கேள்விகளைக் கணித மொழியில் வைத்தார். இன்றைய பாடத்திட்டத்தின் முதுகெலும்பு அது.

ஆக, வழக்கம் நல்லது. கெட்டுப்போனது அதன் விகிதம். பேப்பர் ஆறு பக்கம், பேச்சு 15 முதல் 20 நிமிடம், ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள். எண்ணிக்கை பெருகப் பெருக, முதலில் வெட்டுப்படுவது கேள்வி நேரம். அடுத்ததாகக் காணாமல் போகிறவர் ஆலைப் பொறியாளர். இதை ஐஃபாக்கே உணராமல் இல்லை. அதன் தொழில்துறைக் குழுவினர் 23 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பு 2017இல் வெளியானது. தொழிலில் பெரும் தாக்கம் உடையது பிஐடி என்று அத்தனை பேரும் சொன்னார்கள். முன்கணிப்புக் கட்டுப்பாட்டுக்கு 78 சதவீதம். மாநாட்டு அரங்குகளை நிறைக்கும் நேரியல் அல்லாத கட்டுப்பாட்டை அப்படிச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். 23 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, உண்மை. கோட்பாடு கனிய ஆண்டுகள் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பட்டியலின் முதல் இரண்டுக்கும் வழிகாட்டிய பேப்பர்களை வாசித்தவர்கள் தொழிற்சாலை ஆட்கள் என்பதை நான் தற்செயலாகக் கொள்ளவில்லை.

கேள்வி இல்லாத இடத்தில் எதுவும் நுழையும். 2005இல் அமைப்பியல், சைபர்னெட்டிக்ஸ் பெயரில் நடந்த ஓர் உலக மாநாட்டுக்கு, எம்ஐடி மாணவர்கள் மூவர் கணினி நிரலால் பொருளற்ற கட்டுரை ஒன்றை உருவாக்கி அனுப்பினார்கள். ஏற்பு வந்தது. நம் நாட்டில் அழுத்தம் வேறு திசையிலிருந்து வந்தது. முனைவர் பட்டத்துக்கு இரண்டு மாநாட்டு வாசிப்புகள் கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதி சொன்னது. 2022இல் அந்தக் கட்டாயம் நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் ஏறுமா என்று விசாரித்துவிட்டுத்தான் மாணவர்கள் மாநாட்டையே தேர்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் நாம் எண்ணுவது அதைத்தானே.

ஒன்றைப் பாராட்டியாக வேண்டும். ஐஃபாக் மாநாட்டுத் தொகுப்புகளை இப்போது யாரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம். 2020இல் பெர்லினில் கூடவேண்டிய உலக மாநாடு பெருந்தொற்றால் இணையத்துக்கு மாறியபோது, விமானச் செலவும் விசாவும் இல்லாமல் அதைப் பார்க்க முடிந்தது. படிக்க வழி திறந்துவிட்டது; இனி நேரில் கூடுவதற்கான காரணம், கேட்பதும் பதில் சொல்வதும்தான்.

மாநாடு நடத்தும் துறைத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பேப்பர்களைப் பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் ஈடான நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்குங்கள். ஒவ்வோர் அமர்விலும் ஆலையிலிருந்து ஒருவரை முன்வரிசையில் உட்காரவையுங்கள். கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் பேப்பரோடு சேர்த்து அச்சிடுங்கள்.