24 ஆட்சேபணை வேண்டும் எனக்கு!

நீங்கள் ஒரு கூட்டத்தில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பாதியிலேயே பாய்ந்து, "இல்லவே இல்லை, நீங்க சொல்றது சரியில்லை" என்கிறார். கோபம் வரும்தானே? எனக்கு இப்போதெல்லாம் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது! நியூயார்க்கில் எங்கள் பேட்டையிலுள்ள யூத சமூகக் கூடத்தில் படிப்பு வட்டம் நடத்தப் பழகியதிலிருந்து இப்படித்தான் ஆகிவிட்டேன். என் மனைவி யூதர், நான் மதுரைக்காரன். அவளுக்குத் துணையாகப் போனவன், இப்போது அவள் வீட்டுக்குப் போய்த் தூங்கிய பிறகும் அங்கேயே உட்கார்ந்து வழக்காடிக்கொண்டிருக்கிறேன். வெட்கமே இல்லை!

பேத் மித்ராஷ் என்பார்கள், படிப்புக்கூடம். உள்ளே நுழைந்தால் அப்படியொரு இரைச்சல்! மேசைக்கு இரண்டு பேர், நடுவில் ஒரு நூல், ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் குறுக்கே விழ, கை நீள, விரல் வரியைத் தட்ட, அடுத்த மேசையில் யாரோ சிரிக்க... இந்த இரட்டையர் படிப்புக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத்தின் ஒரு பக்கத்தை விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் மூலம். ஒரு பக்கம் 11ஆம் நூற்றாண்டு பிரான்சுக்காரர் ராஷியின் உரை. மறுபக்கம் அவர் வழிவந்தவர்கள் எழுதிய தோசஃபோத். அந்தக் கூட்டத்தில் ராஷியின் சொந்தப் பேரன் ரபேனு தாமும் உண்டு, தாத்தா சொன்னதை அதே பக்கத்தில் மறுக்கிறார்! 1520களில் வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் அச்சிட்ட அமைப்பு, இன்றும் அப்படியே. பக்கமே ஒரு விவாதக் கூடமாக இருக்கும்போது வாசிப்பவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பானா?

என்னைக் கவிழ்த்தது தல்மூத்தில் வரும் ரேஷ் லாகிஷ் கதை. ரேஷ் லாகிஷ் முன்னாள் கொள்ளைக்காரர். ரபி யோஹனானின் தங்கையை மணந்து, அவருக்கே படிப்புத் துணையானவர். இருவருக்கும் மனஸ்தாபம் வந்து ரேஷ் லாகிஷ் இறந்துபோகிறார், யோஹனான் உடைந்துபோகிறார். ஆறுதலுக்கு ஒரு பண்டிதரை அனுப்புகிறார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் இவர், ஆமாம், இதற்கு ஆதாரம் இருக்கிறது என்கிறார். யோஹனானுக்கோ பொறுக்கவில்லை. எனக்கு எதற்கய்யா ஆதாரம், நான் ஒன்று சொன்னால் அவன் 24 ஆட்சேபணை கிளப்புவான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் அப்படித்தானே விரியும் என்று புலம்பி, உடையைக் கிழித்துக்கொண்டு நண்பனைத் தேடி அலைகிறார். இதைக் கேட்ட அன்று நான் சப்வேயில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் முழுக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தேனே!

சரி, இதை நடத்துவது எப்படி? நமக்குப் பட்டிமன்றக் காது. நடுவர் கடைசியில் தீர்ப்புச் சொல்வார் என்று காத்திருந்து பழகியது. இங்கே நடத்துநர் தீர்ப்புச் சொன்னால் கெட்டது குடி! பயிற்சியில் முதலில் சொன்னதே, உனக்கு விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதே என்பதுதான். ஆஹா! அப்புறம், யாராவது ஆகாயத்தில் பறந்தால் மென்மையாக, "எந்த வரியில அப்படித் தோணுச்சு?" அவ்வளவுதான், பறந்தவர் தரையிறங்கிக் காகிதத்தைப் பார்ப்பார், எல்லோரும் பார்ப்பார்கள், அங்கே புதிதாக ஏதோ ஒன்று கண்ணில் படும். ஒரித் கென்ட், எலி ஹோல்ஸர் என்று இரண்டு கல்வியாளர்கள் ஹவ்ரூத்தாவை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஜோடிகள் பேசுவதை உன்னிப்பாகக் கவனித்த கென்ட், அதைக் கேட்டல்-எடுத்துரைத்தல், வியத்தல்-குவிதல், துணைநிற்றல்-எதிர்த்தல் என்று பிரித்துக் காட்டுகிறார். கடைசி ஜோடியைப் பாருங்கள், துணைநின்றுகொண்டே எதிர்க்கவும் வேண்டும்! பழங்கால யூத அறிஞர் ஹில்லேலின் வழியினர் செய்ததும் அதுதான். எதிரணியான ஷம்மாய் வழியினர் சொன்னதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்கள் கருத்தைச் சொல்வார்களாம், தீர்ப்பு அவர்கள் பக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறது தல்மூத். அதனால் எங்கள் வட்டத்தில் சட்டம் இது: மறுக்கலாம், ஆனால் முதலில் எதிராளியின் கருத்தை அவரே தலையாட்டும்படி சொல்லிக்காட்டு.

மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அதற்கும் பயப்படக் கூடாது. டெபோரா டேனன் என்ற மொழியியலாளர் 1978இல் ஒரு நன்றிநாள் விருந்துப் பேச்சைப் பதிவுசெய்து அலசினார். அதில் நியூயார்க் யூத நண்பர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிப் பேசியது இடைஞ்சல் இல்லை, ஆர்வம் என்று காட்டினார். எனக்கோ இது வீட்டுச் சமாச்சாரம்! ஆனால் ஏறிப் பேச வராத ஆட்களும் மூலையில் இருப்பார்கள். அதற்காகத்தான் முதலில் இரண்டிரண்டு பேராகப் பிரிப்பது. ஜோடியில் வாய் திறந்துவிட்டவர் வட்டத்திலும் திறப்பார். பாஸ்கா விருந்தில் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நீயே பேச்சைத் திறந்துகொடு என்கிறார்கள் பாருங்கள், அந்த மரபு! தன்னந்தனியாக விருந்துக்கு உட்கார்ந்தாலும் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டுமாம்!

இப்போது வாருங்கள் என்னோடு, ஷவுவோத் பண்டிகை இரவுக்கு. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் ஊர் ஞானிகள் பரப்பிய வழக்கம், விடியவிடியப் படிப்பு. நள்ளிரவு தாண்டிவிட்டது, சீஸ் கேக் வாசனை, காபி வாசனை (காபியின் ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள்), வட்டமாக நாற்காலிகள், நடத்துநர் நான்! கரும்பலகை கிடையாது, பண்டிகை நாளில் எழுதாதவர்களும் இருப்பார்களே. ஆளுக்கொரு தாள், ஒரு பத்தி எபிரேயம், எதிரே ஆங்கிலம், எபிரேயம் தெரியாதவர் கூசக் கூடாது என்பதற்காக. என் கையிலோ இரண்டாவது தாள் ஒன்று, யாருக்கும் காட்டாமல்.

கதை, தல்மூத்தில் வரும் அடுப்புக் கதை. துண்டுதுண்டாக வெட்டி இடையில் மணல் போட்டு அடுக்கிய அடுப்பு தீட்டுப்படுமா, படாதா? படாது என்கிறார் ரபி எலியேசர், படும் என்கிறார்கள் மற்ற எல்லோரும். நான் சொல்வது சரியென்றால் அந்தக் கரோப் மரம் சொல்லட்டும் என்கிறார், மரம் பிடுங்கிக்கொண்டு 100 முழம் தள்ளிப் போய் நிற்கிறது. மரம் எப்படிச் சாட்சியாகும் என்கிறார்கள். ஓடை பின்னோக்கி ஓடுகிறது, அதுவும் செல்லாது. படிப்புக்கூடத்துச் சுவர் சாய்கிறது, அறிஞர்கள் வாதாடினால் உனக்கென்ன என்று ரபி யோசுவா சுவரையே அதட்டுகிறார். கடைசியில் வானத்திலிருந்தே குரல், எலியேசர் சொல்வதுதான் சரி! யோசுவா எழுந்து நிற்கிறார். வேதம் கைக்கு வந்தாயிற்று, இனி வானத்துக்கு இங்கே வேலையில்லை என்கிறார். கடவுள் சிரித்தாராம், பிள்ளைகளிடம் தோற்றுவிட்டேன் என்று! இந்த இடத்தில் முதல் தாள் முடிகிறது. "யார் பக்கம் நீங்க?" என்று கேட்டேன், கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், அந்தச் சும்மா இருப்பது இருக்கிறதே, அதுதான் மொத்த வித்தையும். பத்து எண்ணுவதற்குள் கூடம் வெடித்தது. ஒரு கல்லூரிப் பையன் மேசையைத் தட்டி யோசுவாவுக்கு ஜே போட, பெரும்பான்மையே வாழ்க என்று எல்லோரும் ஒரே குரல், ஒரே குதூகலம், ஒருவரும் மறுக்கவில்லை, அப்போதுதான் இரண்டாவது தாளை விட்டேன். தோற்ற எலியேசரை அதே பெரும்பான்மை ஊர்விலக்கு செய்கிறது. அறிஞர்களில் ஒருவரான அகிவா கறுப்பு உடுத்துப் போய், நான்கு முழம் தள்ளி உட்கார்ந்து சேதி சொல்கிறார், கிழவர் தரையில் உட்கார்ந்து அழுகிறார், கோதுமையிலும் பார்லியிலும் ஒலிவத்திலும் மூன்றில் ஒரு பங்கு கருகிப்போகிறது. மேசையைத் தட்டின பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! "அப்ப நான் ஜே போட்டது எதுக்கு?" என்றான். அவ்வளவுதான், ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேச ஆரம்பித்தார்கள், எலியேசருக்கு வக்கீல்கள் கிளம்பினார்கள், கட்சி மாறினார்கள், ஒருவர் கட்சி மாறி மறுபடி திரும்பினார், எனக்குக் கை நடுங்குகிறது, கண் கலங்குகிறது, வாயோ காதுவரை. மூலையில் அதுவரை பேசாத வெள்ளைமுடிப் பாட்டி ஒருவர் முதல் தாளை உயர்த்திப் பிடித்து, "எல்லாரும் மனுஷங்களைப் பத்தியே பேசறீங்க, சுவர் என்னாச்சு?" என்றார். பார்த்தால், யோசுவாவுக்கு மரியாதையாக விழவில்லை, எலியேசருக்கு மரியாதையாக நிமிரவும் இல்லை, சாய்ந்தபடியே நிற்கிறது சுவர்! "இந்தக் கதையில இரண்டு பேரையும் மதிச்சது அது ஒண்ணுதான்" என்றார். ஐயோ! இந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன், எனக்கு ஏன் தோன்றவில்லை! நான் நடத்துநர் என்பதையே மறந்து எழுந்து குதித்தேன், கேக் தட்டு கவிழ்ந்தது, யாரும் கவனிக்கவில்லை, அதற்குள் பையன் பாட்டியிடம் போய்விட்டான், "இல்ல மேடம், சுவர் நழுவிடுச்சு, முடிவெடுக்கல" என்று ஆரம்பித்து.

அடுத்து ரூத் கதை. ஷவுவோத்தில் வாசிப்பது அதைத்தான், நேரமில்லாமல் தள்ளிப்போனது. மாமியாரோடு புறப்பட்ட ரூத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அழுது முத்தமிட்டு விட்டு ஊர் திரும்பிய இன்னொரு மருமகள் ஓர்பா என்ன தப்புச் செய்தாள்? மூலத்தில் அவளைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை! பக்கம் பக்கமாகக் கேள்வி எழுதி வைத்திருக்கிறேன், மூன்றுக்கு மேல் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்கிறார் பயிற்சி கொடுத்தவர். எதை வெட்டுவது என்று மனைவியிடம் கேட்டேன். "ஓர்பாவை வெட்டு" என்றாள். எப்படி வெட்ட முடியும்! இரண்டு மணி நேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், அடுப்பில் சாதம் குழைந்துவிட்டது.