மைக்கட்டியும் மைக்கூடும்

சீனத்து மைக்கட்டிகளைச் சேகரிப்போர் அவற்றின் மேற்புறத்தில் புடைத்து நிற்கும் நாகத்தையும் தாமரையையும் பொற்பூச்சையும் வியக்கின்றனர். அவ்வியப்பு பாதியளவே நியாயமானது. கட்டியின் பெருமை அதன் உள்ளீட்டில் இருக்கிறது. பைன் மரப் புகைக்கரியையோ எண்ணெய் விளக்கின் கரியையோ சலித்து, தோற்பசை கலந்து, பலகாலும் இடித்து, மர அச்சில் அழுத்தி, நாட்கணக்கில் மெல்ல உலர்த்துவர். அவசரப்பட்டால் கட்டி வெடித்துவிடும்.

அன்ஹுயி மாநிலத்து ஹுயிச்சோ இத்தொழிலின் தாயகம். மிங் காலத்தில் அங்கு ஃபாங் யூலூ, செங் தாயூ என்னும் இரு மை வினைஞரிடையே மூண்ட பகை இரண்டு சித்திர நூல்களை ஈன்றது. 1606 அளவில் வெளிவந்த செங்கின் நூலில் பாதிரியார் மத்தேயோ ரிச்சி அளித்த கிறித்தவப் படங்களும் உள்ளன. செதுக்கு வேலை அற்புதந்தான். எனினும், எழுதப்படவேண்டிய மை எழுதப்படாமலே பேழைக்குள் அமர்வதற்கு அந்நூல்களும் துணைபோயின என்றே கருதுகிறேன்.

இஸ்லாமிய மரபில் மைக்கு இத்தகைய திருவுருவம் வாய்க்கவில்லை; அது மைக்கூட்டில் பட்டுநூல் பொதியில் ஊறிக் கிடந்தது. மதிப்பு முழுவதும் எழுத்துக்கே சென்றது. ஆயினும் மையின் நுட்பத்தை நம்மவர் அலட்சியம் செய்தாரில்லை. கரிமை ‘மிதாத்’ எனவும், மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது ‘ஹிப்ர்’ எனவும் பிரித்தறியப்பட்டன. 11ஆம் நூற்றாண்டின் ஸீரித் மன்னர் முயிஸ் இப்னு பாதீஸ் பெயரால் வழங்கும் ‘உம்ததுல் குத்தாப்’ பல்வகை மைகளின் செய்முறைகளைச் சொல்கிறது.

வேறுபாடு பசையில் இருக்கிறது. சீன மை தோற்பசையால் ஆனது. நன்கு உலர்ந்தபின் எளிதில் கரையாது. ஆகவேதான் அவர்கள் ஓவியத்தை ஈரப்பசையிட்டு ஒட்டமுடிகிறது. நம் கரிமை வேலம்பிசினால் ஆனது, நீர்பட்டால் கரையும். உதுமானிய எழுத்தோவியர் மெருகிட்ட தாளில் பிழையை நாவால் நக்கியே அழித்தனர். மக்தப் பலகையைக் கழுவி மறுபாடம் எழுதியதும் இக்குணத்தாலேயே. (பீங்கானில் எழுதிக் கரைத்துக் குடிக்கும் வழக்கமும் இதனோடு எண்ணத்தக்கது, பீங்கானும் சீனத்து வரவு!)

இதை லெப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ, அரியலூர்ப் பக்கத்து ஊர்களிலோ பழைய அரபுத்தமிழ்ப் பிரதி வைத்திருப்போர் அறிந்தாக வேண்டும். சேகரிப்பாளர் ஒரு கட்டியின் கரியையும் பசையையும் ஆராயும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கேனும் நம் ஏடுகளுக்குக் கிடைத்திருக்கிறதா? மரியாதை கருதி நைந்த தாள்களை ஆற்றில் விடும்போது, தாளுக்கு முன்பாகக் கரிமையெழுத்தே மறைகிறது. அன்னபேதி மையோ நீருக்கு ஓரளவு தாங்கும். ஆனால் காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். எந்த மையென்று தெரியாத பிரதியை ஈரத்துணியால் துடைப்பதை முதலில் நிறுத்தவேண்டும்.