கவிழ்ந்த நண்டும் நானும்

குரோபாட்கின் பிரபு வம்சத்தில் பிறந்தவர். ஜாரின் சிறையிலிருந்து தப்பியவர். 1902-ல் வெளிவந்த அவருடைய 'பரஸ்பர உதவி'யை இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை தலையாட்டிக்கொண்டே போனேன். இம்முறை ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

ஜீவ வாழ்க்கை என்பது ஓயாத போர் என்ற தொனியில் ஹக்ஸ்லி 1888-ல் எழுதிய கட்டுரைக்குப் பதிலாகப் பிறந்த நூல் இது. வாலிபத்தில் சைபீரியாவில் அலைந்தபோது, ஒரே இனத்துக்குள் நடக்கும் அந்தப் போரைத் தேடினார் குரோபாட்கின்; கண்டதோ கூடிப் பிழைக்கும் பிராணிகளைத்தான்.

நான் நின்ற இடம் பிரைட்டன் மீன் காட்சிசாலை. 1882-ல் அங்கே ஒரு தொட்டியில் குதிரைலாட நண்டு ஒன்று மல்லாந்து கிடந்தது. இரண்டு நண்டுகள் வந்து அதைத் தூக்கிப் புரட்டப் பார்த்தன. மூலையிலிருந்த இரும்புக் கம்பி தடுத்தது. ஒன்று போய் வேறு இரண்டை அழைத்து வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியும் முயற்சி நிற்கவில்லையாம்.

அருமையான காட்சி. ஆனால் அவற்றைத் 'தோழர்கள்' ஆக்கியது யார்? குரோபாட்கினின் பேனாதான். கதை எழுதுகிறவனுக்கு இந்த வித்தை தெரியும். உதவி என்று அவர் கண்டது, வெறும் முட்டி மோதலாகவும் இருந்திருக்கலாம்.

அதற்காக அவர் வாதம் விழுந்துவிடாது. அடுத்த வீடு தீப்பற்றினால் வாளியோடு ஓடுகிறோமே, அது அன்பினால்கூட அல்ல, இன உணர்ச்சியால் என்கிறார். உண்மைதான். ஆனால் ஓடியவர்களையே அவர் எண்ணுகிறார். ஓடாதவன்?

இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தார். நாலைந்து பேர் ஓடினார்கள். நான் ஓடவில்லை. என் பஸ் வந்துவிட்டது. கையில் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய தொடர்கதை அத்தியாயம். ஏறிக்கொண்டேன். அந்த அத்தியாயத்தில் என்ன எழுதினேன் என்பது மறந்துபோயிற்று. அவருடைய செருப்பு ஒன்று தனியே கிடந்தது மறக்கவில்லை.

1871-ல் டார்வின் ஒரு தகைவிலான் குருவியைப் பற்றி எழுதினார். வலசை போகும் வேகத்தில் குஞ்சுகளை விட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது. குளிரிலும் பசியிலும் சாகும் குஞ்சுகளின் உருவம் ஓயாமல் மனத்தில் வருமானால், அந்தப் பறவை எப்படித் துடித்துப்போகும் என்று கேட்டார்.

உதவுவதில் நாம் தனி ஜாதி அல்ல. குரோபாட்கின் அதை நிரூபித்துவிட்டார். உதவாமல் போனது திரும்பத் திரும்ப மனத்தில் வருகிறதே, அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதில் பெருமைப்பட எதுவுமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தால் இந்த வித்தியாசமே எனக்குத் தெரிந்திராது.